புற்றுநோய் ஸ்கிரீனிங்: எம்.பி.பி.எஸ். மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூக மருத்துவ வகுப்பிலும் கிராம முகாம்களிலும் சி.ஆர்.ஆர்.ஐ. (கட்டாய உள்ளுறைப் பயிற்சி) போஸ்டிங்கிலும் ஒவ்வொரு பேட்ச்சும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைக் கேட்கிறது. அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு, புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் இளம் ஆசிரியர்களுடையவை. தமிழ்நாட்டில் படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது.

ஸ்கிரீனிங், டயக்னோசிஸ் ரெண்டும் ஒண்ணுதானே சார்? ரெண்டுலயும் டெஸ்ட்தானே பண்றோம்?

ஒன்றல்ல. கட்டி, ரத்தப்போக்கு, ஆறாத புண் என்று ஏதோ ஒரு தொந்தரவோடு ஒருவர் உங்களைத் தேடி வந்தால் அங்கே நடப்பது நோயறிதல். எந்தத் தொந்தரவும் இல்லாமல் வயலில் களையெடுத்துக்கொண்டிருக்கும் ஒருவரை நாம் தேடிப் போய், "வாங்கக்கா, ஒரு தடவை பார்த்துடலாம்" என்று அழைத்துச் செய்வது ஸ்கிரீனிங். முதலாமவர் உதவி கேட்டு வந்தார். இரண்டாமவர் எதையும் கேட்கவில்லை. நாமாகப் போனதால், தீங்கைவிட நன்மை அதிகம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்திலிருந்தே கிளம்புகின்றன.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுகிறது என்று சொல்லும் அம்மாவுக்கு வி.ஐ.ஏ. (கர்ப்பப்பை வாய் ஸ்கிரீனிங் பரிசோதனை) செய்து, "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடக் கூடாது. அவர் முகாமில் வந்து நின்றாலும் ஸ்கிரீனிங்குக்கு உரியவர் அல்லர், நோயாளி. முழுமையான பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அரசுத் திட்டத்துல எந்தெந்தப் புற்றுநோய்க்கு ஸ்கிரீனிங் இருக்கு? எந்த வயசுல இருந்து?

வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றுக்கு. 2010-ல் தொடங்கிய தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தின் கீழ் 2016-ல் வந்த வழிகாட்டுதல்படி 30 முதல் 65 வயது வரை, 5 ஆண்டுக்கு ஒருமுறை. வாயை வெளிச்சத்தில் பார்ப்பது, மார்பகத்தைப் பயிற்சி பெற்றவர் கையால் தொட்டுப் பார்ப்பது, கர்ப்பப்பை வாயில் 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் கழித்து வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பது. கடைசியாகச் சொன்னதுதான் வி.ஐ.ஏ. மூன்றுக்குமே ஆய்வகம் வேண்டாம். பயிற்சி பெற்ற கண்ணும் கையும் வேண்டும்.

அப்போ எல்லாருக்கும் பண்ணிட்டு இருக்கோமா?

இல்லை. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், வாழ்நாளில் ஒருமுறையாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்ட 30 முதல் 49 வயதுப் பெண்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம். மார்பகப் பரிசோதனை 0.9 சதவீதம். தமிழ்நாட்டு எண்கள் இவற்றைவிடப் பல மடங்கு மேல் என்றாலும், கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் இங்கும் பத்தில் ஒருவர்கூட முழுதாகத் தேறவில்லை. திட்டம் காகிதத்தில் இருப்பதற்கும் ஒரு பெண் அந்த மேசை வரை வந்து படுப்பதற்கும் இடையே உள்ள தூரம் இது.

பாசிட்டிவ்னா கேன்சர்னு அர்த்தமா?

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. சூத்திரத்தை மறந்துவிட்டு 1000 பெண்களைப் பலகையில் எழுதுங்கள். அவர்களில் 10 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பரிசோதனை பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களில் 9 சதவீதம் பேருக்கும் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். 10 பேரில் 9 பேர் சிக்குவார்கள். மீதி 990 பேரில் சுமார் 89 பேருக்கு வீணாகப் பாசிட்டிவ் வரும். மொத்தம் 98 பாசிட்டிவ், அதில் புற்றுநோய் 9 பேருக்குத்தான். பத்தில் ஒருவர்கூட இல்லை.

ஜெர்மனியில் 160 மகப்பேறு மருத்துவர்களிடம் ஏறக்குறைய இதே எண்களைக் கொடுத்துக் கேட்டார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வில் சரியாகச் சொன்னவர்கள் 21 சதவீதம். இப்படி ஆட்களாக எண்ணச் சொல்லிக்கொடுத்த பிறகு 87 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். எனவே கணக்கு வராது என்று யாரும் பின்வாங்க வேண்டாம்.

அதே பரிசோதனையை, கட்டியோடு வந்த 1000 பேரிடம் செய்து பாருங்கள். அவர்களில் 200 பேருக்குப் புற்றுநோய் இருந்தால் 180 பேர் சரியாகவும் 72 பேர் தவறாகவும் பாசிட்டிவ் ஆவார்கள். இப்போது பத்தில் ஏழு பாசிட்டிவ் உண்மை. கருவி மாறவில்லை, யாரிடம் செய்கிறோம் என்பது மாறியிருக்கிறது. முதல் கேள்விக்கான பதிலை எண்ணில் பார்ப்பது இதுதான்.

சீக்கிரம் கண்டுபிடிச்சா நல்லதுதானே? இதுல விவாதிக்க என்ன இருக்கு?

இருக்கிறது. ஒருவருக்கு 62 வயதில் இருமலோடு நுரையீரல் புற்றுநோய் தெரியவருகிறது, 65-ல் இறக்கிறார். 5 ஆண்டு உயிர்வாழ்வுக் கணக்கில் அவர் தோல்வி. அதே மனிதருக்கு 58 வயதில் ஸ்கேனில் கண்டுபிடித்தோம், அப்போதும் 65-லேயே இறக்கிறார் என்றால், 7 ஆண்டு வாழ்ந்தவராகக் கணக்கில் வெற்றி ஆகிவிடுவார். ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. நோயாளி என்ற பெயரோடு கழித்த நாள்கள்தான் கூடின. இதைத்தான் புத்தகத்தில் லீட் டைம் பயாஸ் என்று படிக்கிறீர்கள். கூடவே, மெதுவாக வளரும் கட்டி பல ஆண்டுகள் நம் கண்ணில் படக் காத்திருக்கும். வேகமாக வளர்வது இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் புறப்பட்டுவிடும். அதனால் ஸ்கிரீனிங்கில் சிக்கும் கட்டிகள் இயல்பிலேயே சாதுவானவையாக இருக்கும். இது லெங்த் பயாஸ்.

ஆகவே "உயிர்வாழ்வு விகிதம் கூடியது" என்று யாராவது ஸ்லைடு போட்டால், "இறப்பு விகிதம் குறைந்ததா?" என்று கேளுங்கள். 2012-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 412 மருத்துவர்களிடம் கேட்டபோது, ஸ்கிரீனிங் செய்த இடத்தில் அதிகப் புற்றுநோய்கள் கண்டுபிடிக்கப்படுவதே உயிர் காப்பதற்கான ஆதாரம் என்று ஏறக்குறையப் பாதிப் பேர் சொல்லியிருக்கிறார்கள்.

ஓவர்டயக்னோசிஸ்னா தவறான ரிப்போர்ட்டா மேம்?

இல்லை, ரிப்போர்ட் சரிதான். பயாப்சியில் புற்றுநோய்ச் செல்களே இருக்கும். ஆனால் அதைத் தேடிப் பிடிக்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர் அதை அறியாமலே வாழ்ந்து வேறு காரணத்தால் இறந்திருப்பார். தவறான பாசிட்டிவ் அடுத்த பரிசோதனையில் கழன்றுவிடும். இது கழலாது, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோகும்.

இதற்குத் தென்கொரியாவைப் போன்ற பாடம் வேறில்லை. 1999-ல் அங்கே தேசியப் புற்றுநோய் ஸ்கிரீனிங் திட்டம் வந்தது. தைராய்டு அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு கட்டணத்துக்குக் கழுத்து அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக் கொடுத்தன. 2011-க்குள் தைராய்டு புற்றுநோய்க் கண்டுபிடிப்பு, 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆனது. அந்த ஆண்டு மட்டும் 40,000-க்கு மேற்பட்டோருக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர் எண்ணிக்கையோ ஆண்டுக்கு 400-க்கும் கீழே, அசையாமல் நின்றது. ஏறக்குறைய எல்லாருக்கும் சிகிச்சை நடந்தது. பலருக்குத் தைராய்டு முழுவதையும் எடுத்தார்கள். அப்படி அறுவை செய்துகொண்டவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கால்சியம் காக்கும் பாராதைராய்டு பழுதானது, 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. நன்றாக இருந்தவர்களை நாம் நோயாளி ஆக்க முடியும் என்பதை மாணவர்கள் மூன்றாம் ஆண்டிலேயே உணர்ந்துகொள்ள வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல பி.எஸ்.ஏ., சி.ஏ. 125 எல்லாம் போடறாங்களே, எங்க அப்பா அம்மாவுக்குப் பார்க்கலாமா?

சி.ஏ. 125 என்பது சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை. அது வேண்டாம். அறிகுறி இல்லாத பெண்களிடம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் (முடிவுகள் 2011, 2021) சினைப்பைப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. விஷயத்தில் 55 முதல் 69 வயதுக்காரர்கள் நன்மை தீமைகளைக் கேட்டறிந்து தாமே முடிவெடுக்கலாம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவின் 2018 நிலைப்பாடு. 70-க்கு மேல் வேண்டாம் என்கிறது. அப்பாவுக்கு வேறு எதைவிடவும் முதலில் ரத்த அழுத்தம் பாருங்கள், பீடி சிகரெட் இருந்தால் நிறுத்த உதவுங்கள்.

கிராமத்துல மார்பக சுய பரிசோதனை சொல்லிக் கொடுக்கிறோம். அது பிரயோஜனம் இல்லைங்கிறாங்களே?

ஷாங்காயில் 2,66,000-க்கு மேற்பட்ட ஜவுளி ஆலைப் பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2002-ல் முடிவைத் தந்தது. மாதாமாதம் சுயபரிசோதனை செய்ய முறையாகக் கற்றுக்கொண்ட குழுவிலும் மார்பகப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை. சாதாரணக் கட்டிகளுக்கான பயாப்சி மட்டும் கூடியது. ஆகவே அட்டவணை போட்டுச் சுயபரிசோதனை செய்யச் சொல்வதை ஸ்கிரீனிங் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். ஆனால் தன் உடம்பில் புதிதாகக் கட்டியோ காம்பில் ரத்தக் கசிவோ தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றே வரவேண்டும் என்று சொல்வது வேறு வேலை, அதை நிறுத்தவே கூடாது. நம் ஊரில் கட்டி புண்ணாகி வெடித்த பிறகு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பயிற்சி பெற்றவர் கையால் பார்ப்பதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. மும்பையில் 1,50,000-க்கு மேற்பட்ட பெண்களை 20 ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. பெண் சுகாதாரப் பணியாளர்கள் 2 ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதித்ததில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் குறையவில்லை.

திண்டுக்கல் ஸ்டடில வி.ஐ.ஏ. வேலை செஞ்சுது, உஸ்மானாபாத்ல செய்யலை. எதை நம்பறது?

இரண்டையும். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. செய்த ஆய்வில் (2007) கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,000-க்கு மேற்பட்ட பெண்களை நான்கு குழுவாகப் பிரித்த ஆய்வில் (2009) கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸான எச்.பி.வி.யைத் தேடும் ஒரே ஒரு பரிசோதனை இறப்பை ஏறக்குறையப் பாதியாக்கியது. அங்கே வி.ஐ.ஏ. குழுவிலும் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) குழுவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

திண்டுக்கல்லில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் திட்டு தெரிந்தவுடன், அதே வருகையிலேயே கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்ப்பது) பார்த்து, தகுதியானவர்களுக்கு உறைய வைத்துச் சிகிச்சையும் கொடுத்தார்கள். "அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. வி.ஐ.ஏ. பார்ப்பவரின் கண்ணை நம்பி நிற்கும் பரிசோதனை. பயிற்சியும் கண்காணிப்பும் தளர்ந்தால் பலனும் தளரும். எச்.பி.வி. பரிசோதனைக்கு அந்தப் பலவீனம் குறைவு, பெண் தானே மாதிரி எடுத்தும் தரலாம். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையை முதல் தேர்வாகச் சொன்னது: 30 வயதிலிருந்து, 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை. அது கைக்கு எட்டும்வரை, நன்றாகச் செய்யும் வி.ஐ.ஏ.வை ஏளனமாகப் பார்க்காதீர்கள். மாதவிடாய் நின்றவர்களிடம் மட்டும் அது சரிப்படாது. பார்க்கவேண்டிய பகுதி உள்ளே போய்விடும்.

வாயைத் திறந்து பார்க்கறதெல்லாம் ஒரு ஸ்கிரீனிங்கா சார்?

திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்த ஆய்வின் முடிவு 2005-ல் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களிடம் அப்படிப் பலன் காட்டவில்லை. எனவே டார்ச்சை எடுப்பதற்கு முன் கேள்வி கேட்கப் பழகுங்கள். "புகையிலை உண்டா?" என்றால் "இல்லை" என்பார்கள். பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை, ஹான்ஸ், வெறும் பாக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். புகையிலை கலக்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. கேட்ட கையோடு விடுவதற்கு உதவியும் செய்தால், அது கண்டுபிடிப்பதைவிட ஒரு படி மேலான வேலை.

தடுப்பூசி வந்திருச்சே, இனி கர்ப்பப்பை வாய்க்கு ஸ்கிரீனிங் எதுக்கு?

ஊசி போட்டுக்கொள்ளும் சிறுமிக்கு இன்று 9 முதல் 14 வயது. அவளுடைய அம்மாவுக்கும் அத்தைக்கும் காலம் கடந்துவிட்டது. அதோடு சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் உள்ளிட்ட நான்கு எச்.பி.வி. வகைகளுக்கு எதிரான தடுப்பூசிகள், புற்றுநோய் தரும் எச்.பி.வி.களில் 16, 18 ஆகிய இரண்டைக் குறிவைக்கின்றன. சுமார் 70 சதவீதப் புற்றுநோய்க்கு அவை காரணம், எல்லாவற்றுக்கும் அல்ல. 2030-க்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் 90-70-90 இலக்கில் (90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்கு ஸ்கிரீனிங், நோய் கண்டவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை) நடுவில் நிற்கும் 70 ஸ்கிரீனிங்தான்.

நேத்து முகாம்ல 500 பேரைப் பார்த்தோம். நல்ல முகாம்தானே?

எத்தனை பேர் பாசிட்டிவ்? அவர்களில் எத்தனை பேர் கால்போஸ்கோபிக்குப் போனார்கள்? பயாப்சி முடிவு யார் கைக்கு வந்தது? சிகிச்சை முடிந்ததா? இந்த நான்குக்கும் பதில் வரும்வரை அது நல்ல முகாமா என்று சொல்ல முடியாது. பாசிட்டிவ் என்று சொல்லிவிட்டு வழி காட்டாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்குப் பயத்தை மட்டும் கொடுத்து அனுப்பியிருக்கிறோம்.

பாசிட்டிவ் வந்தவர்கள் வராமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை இல்லை. ஒருநாள் கூலி போகும், துணைக்கு ஆள் இல்லை, எந்த அறை என்று தெரியாது, வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாது. கிராம சுகாதார செவிலியரின் கைப்பேசி எண்ணும், போகவேண்டிய நாளும் வெளிநோயாளர் பிரிவின் பெயரும் தமிழில் எழுதிய ஒரு சீட்டும் முகாம் மேசையிலேயே தயாராக இருக்கட்டும்.

"கேன்சர் டெஸ்ட்"னு சொன்னாலே எழுந்து போயிடறாங்க. எப்படிச் சொல்றது?

பதாகையில் பெரிதாக "புற்றுநோய் முகாம்" என்று எழுதுவதை விடுங்கள். ஆனால் என்ன பரிசோதனை என்பதை மறைக்கவும் கூடாது. நான் மாணவர்களுக்குச் சொல்லித்தருவது இப்படி: "அக்கா, உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லைன்னு தெரியும். கர்ப்பப்பை வாய்ல புண்ணு கேன்சரா மாறறதுக்குப் பல வருஷம் ஆகும். அதுக்கு முன்னாடியே பார்த்துட்டா சின்ன சிகிச்சையிலயே சரி பண்ணிடலாம். அஞ்சு நிமிஷம் ஆகும், கொஞ்சம் சங்கடமா இருக்கும். வேண்டாம்னு தோணினா எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, நிறுத்திடறோம்."

முடிவைச் சொல்லும்போதும் அப்படியே. "பாசிட்டிவ்" என்ற சொல்லை மட்டும் காதில் போட்டு அனுப்பாதீர்கள். "இப்படித் திட்டு தெரியற பத்து பேர்ல ரொம்பப் பேருக்குக் கேன்சர் இருக்காது, ஆனா உறுதி பண்ணிக்கணும்" என்று சொல்லி, எங்கே, எப்போது என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள்.

நான் பையன் சார். கைனக் கேம்ப்ல ஸ்பெகுலம் போட்டுப் பழகலாமா?

முகாம் பயிற்சிக்கான இடம் இல்லை. ஸ்பெகுலம் என்பது யோனியை விரித்துப் பார்க்கும் கருவி, அதை முதலில் மாதிரி உருவத்தில் பழகுங்கள். அதன் பிறகு, மூத்தவர் அருகில் இருக்க, பெண் செவிலியர் உடனிருக்க, நீங்கள் மாணவர் என்று அந்த அம்மாவிடம் சொல்லி, அவர் சம்மதித்தால் மட்டும். இது மாணவிகளுக்கும் பொருந்தும்.

எனக்கு ஒரு மணி நேர வகுப்புதான் கொடுத்திருக்காங்க. வில்சன், ஜங்னர் பத்து விதிகளையும் நடத்தணுமா?

இளம் ஆசிரியர்கள் கேட்பது. 1968-ல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அவர்கள், ஒரு நோய்க்கு எப்போது ஸ்கிரீனிங் செய்யலாம் என்று எழுதிய பத்து விதிகளும் அருமையானவை, தேர்வுக்கும் வேண்டும். ஆனால் அவற்றை ஸ்லைடில் வாசித்தால் ஒன்றும் மனத்தில் தங்காது. முதல் 20 நிமிடம் மேலே சொன்ன 1000 பெண்கள் கணக்கு. அடுத்த 20 நிமிடம் கொரியா. மீதி நேரத்தில் மாணவர்களையே கேளுங்கள்: தைராய்டு ஸ்கிரீனிங்கில் எந்த விதி மீறப்பட்டது? பத்தில் பாதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு போஸ்டிங் நாளும் கிடைத்தால், குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் (ஒவ்வொரு மாணவரும் சில கிராமக் குடும்பங்களின் நலத்தைத் தொடர்ந்து பார்ப்பது) அவர்கள் பார்க்கும் வீடுகளில் பாசிட்டிவ் ஆன ஒருவர் இருந்து, அவரும் சம்மதித்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை மாணவர்களை உடன் அனுப்புங்கள். எத்தனை வரிசை, எத்தனை சீட்டு, எத்தனை மணி நேரம் என்று அவர்கள் எழுதிவருவது எந்தப் பாடநூலிலும் இல்லாத அத்தியாயம்.

சென்னையில கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தானாவே குறைஞ்சுட்டே வருதாமே? அப்போ ஸ்கிரீனிங்காலதானே?

1980-களின் தொடக்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் நிறுவனம் நடத்திவரும் சென்னைப் பதிவேட்டில் அது தொடர்ந்து குறைந்திருப்பதும், மார்பகப் புற்றுநோய் அதை முந்தியிருப்பதும் உண்மை. ஆனால் மூன்றாவது பதிலில் உள்ள எண்களைப் பாருங்கள். அந்த அளவு பரிசோதனை இவ்வளவு பெரிய சரிவைத் தந்திருக்க முடியாது. தள்ளிப்போன திருமண வயது, குறைந்த பிள்ளைப்பேறு, மேம்பட்ட தண்ணீர் வசதியும் சுத்தமும் ஆகியவையே பெரும் பங்கு வகித்திருக்க வேண்டும். பெண்கள் படித்தது ஒரு புற்றுநோய்த் தடுப்பு வேலையாகவும் அமைந்தது என்பதைப் பொதுச் சுகாதாரம் படிக்கும் யாரும் விட்டுவிடக் கூடாது.

இப்படித் தானாகக் குறைந்துவரும் காலத்தில் யாராவது ஓர் ஊரில் ஸ்கிரீனிங் தொடங்கி, "பத்து வருடத்தில் குறைத்துவிட்டோம்" என்று சொன்னால் நம்பிவிடுவோம். தானாக எவ்வளவு குறைந்திருக்கும் என்று தெரிய, ஒப்பிட ஒரு குழு தேவை.

அந்த ஒப்பீட்டுக் குழுவுல இருந்த பெண்களுக்கு ஸ்கிரீனிங்கே கொடுக்காம விட்டது நியாயமா?

மும்பை (மேலே சொன்ன மார்பக ஆய்விலேயே வி.ஐ.ஏ.வும் செய்தார்கள்), உஸ்மானாபாத், திண்டுக்கல் மூன்று கர்ப்பப்பை வாய் ஆய்வுகளிலும் ஸ்கிரீனிங் பெறாத குழு இருந்தது. அந்தக் குழுக்களில் பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள். பாப் ஸ்மியர் பலன் தரும் என்பது பல நாடுகளில் தெரிந்த பிறகு இப்படிச் செய்யலாமா என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. ஸ்கிரீனிங் இல்லாததுதான் அப்போது அந்த ஊர்களின் வழக்கமான நிலை, குறைந்த செலவில் செய்யக்கூடிய முறை உயிர் காக்கும் என்ற ஆதாரம் இல்லாமல் எந்த அரசும் அதை எடுத்துச் செய்யாது என்பது ஆய்வாளர்கள் தரப்பு.

அந்த ஆய்வுகள் தந்த ஆதாரத்தின் மேல்தான் இன்றைய திட்டம் நிற்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் விமர்சனத்தின் ஒரு பகுதி எனக்குச் சரியென்றே படுகிறது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்ணுக்கு, "இந்த நோய்க்கு ஒரு பரிசோதனை உண்டு, வேறிடத்தில் போய்ச் செய்துகொள்ளலாம்" என்று புரியும்படி சொல்லியிருக்க வேண்டும். வழக்கமாக எதுவும் கிடைப்பதில்லை என்பது ஏழைப் பெண்ணின் நிலையை விவரிக்கும் வாக்கியம். அவருக்கு எதுவும் தராமல் இருக்க அது அனுமதி ஆகாது. இனி இந்தியாவில் யாரேனும் புதிய கர்ப்பப்பை வாய் ஸ்கிரீனிங் முறையைச் சோதிப்பதானால், ஒப்பீட்டுக் குழுவுக்குக் குறைந்தது நன்றாகச் செய்யும் வி.ஐ.ஏ.வாவது கிடைக்க வேண்டும். நாளை நீங்கள் நெறிமுறைக் குழுவில் உட்காரும்போது அதைக் கேளுங்கள்.